பெரியப்பா சொன்ன மாரடைப்பு

வாசலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் பெரியப்பா செத்துப்போன தம்பி மகனின் இதயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாரடைப்பு. இந்த வயசுல பாருங்க. உள்ள என்ன கோளாறு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து, பெட்டிக்குள் கிடந்தவனைப் பார்த்து மறுபடியும் தலையை ஆட்டினார்கள்.

வாடகை நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தம்பியின் இதயத்துக்கு என்ன குறை? வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் மூட்டை தூக்கியவன். வாஷிங் மெஷினை ஒற்றை ஆளாக மூன்றாவது மாடியில் இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல் வீட்டுக்காரரிடம் கதையளக்கிறவன். அந்த இதயத்தின் மேல் போய்ப் பழியைப் போடுகிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது அக்காவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றார்கள். "கால் முழுக்க மரத்துப் போற கிரீமை அப்பியிருக்காரு. மேல காத்துப் போகாம பிளாஸ்டிக் சுத்தியிருக்காரு. மருந்து தோல் வழியா ரத்தத்துல இறங்கி, வலிப்பு வந்து, ஹார்ட் நின்னுடுச்சு." இவ்வளவு நீளத்தில் பெரியப்பா கடைசித் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிட்டார்.

தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரு பெரிய மீன் வரைந்துகொள்ள வேண்டும் என்பது தம்பியின் ஆசை. வலி தெரியாமலிருக்கட்டும் என்று டாட்டூ கடைக்காரன் ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்திருக்கிறான். அதில் பெயர் இல்லை, அளவு இல்லை, என்ன மருந்து என்றும் இல்லை. தாராளமாகப் பூசு, பிளாஸ்டிக் சுற்று, ரொம்ப நேரம் வைத்தால் நன்றாக மரத்துப்போகும் என்றிருக்கிறான். தம்பி கம்பெனியில் சோபா சுற்றும் பிளாஸ்டிக் சுருளை எடுத்துக் காலில் சுற்றிக்கொண்டான். சோபா சுற்றிப் பழகிய கை. தளர்வாகச் சுற்றவே தெரியாது. இழுத்து இழுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக, லாரியில் எவ்வளவு குலுங்கினாலும் நகராதபடி சுற்றியிருக்கிறான். அதோடு அரை நாள் வெயிலில் வேலையும் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்கிறான். ஊசி அவன் மேல் படவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கை கால் வெட்டி இழுத்து எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா துடைத்த துணியை நாற்காலி மேல் போட்டுவிட்டுப் பெரியப்பாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அம்மா அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் பெரியப்பா பொய் சொல்றீங்க?"

"எது பொய்? கடைசில நின்னது ஹார்ட்டு தானே?"

"அது ஏன் நின்னுச்சுன்னு சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றது? ஊசிக்குப் பயந்து களிம்பு பூசிக்கிட்டுப் போய்ச் சேந்துட்டான்னு சொல்லவா? ஆம்பளப் புள்ள. நாலு பேரு வாயில போட்டு மெல்லுவாங்க."

"டப்பால பேரு கூட போடாம வித்தவன மெல்லட்டும்."

"கத்தாத. பொணம் இருக்கிற வீடு."

"அவன் எப்படிப் பொணமானான்னு தானே கேக்கிறேன்."

அம்மா தலையைத் தூக்காமல் பேசினாள். "விட்டுரும்மா. இன்னைக்கு ஒரு நாள் பேசாம இரு. என் புள்ளையப் பாத்து யாரும் சிரிச்சிரக் கூடாது."

அதற்கு மேல் அக்கா என்ன பேசுவாள்? சரி என்றாள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் பஸ் முழுக்கக் கப்சிப் ஆகிவிடும். தன் வாயை அடக்குவது அவளுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

டாட்டூ கடைக்காரனும் வந்தான். கறுப்புச் சட்டை, கையில் பெரிய மலர்வளையம். அழுது சிவந்த கண்தான், அதில் நடிப்பு இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நல்ல மனுஷன்க்கா. ஹார்ட் ப்ராப்ளம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உக்கார வச்சிருக்கவே மாட்டேன்."

பெரியப்பாவின் பொய் அதற்குள் அவனுக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. பெரியப்பா வேறு அவன் தோளைத் தட்டி, "விதி தம்பி, நீ என்ன பண்ணுவ" என்று டீ வாங்கிக் கொடுத்தார். கொன்றவனுக்கு ஆறுதல், செத்தவன் மேல் பழி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு எங்கே பார்த்தாலும் வாய் திறந்துவிடும் போலிருந்தது.

பெட்டியைத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கம்பெனிப் பையன்கள் வந்திருந்தார்கள். கனமான எதையும் சத்தமில்லாமல் தூக்கத் தெரிந்தவர்கள். கதவு நிலையில் இடிக்காமல், திருப்பத்தில் சாயாமல் கொண்டுபோய் வண்டிக்குள் வைத்தார்கள். முன்னால் தூக்கியவன் வேலையில் தம்பியின் ஜோடி, நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் கையை இறக்கியபோது முழுக்கைச் சட்டைக்குள் ஏதோ சரசரத்தது.

அக்கா அவன் கையைப் பிடித்தாள். துணிக்கு அடியில் வழவழவென்று இறுக்கமாக இருந்தது.

"என்ன இது?"

நெட்டை கூச்சத்தோடு நெளிந்தான். "அவன் ஞாபகமாக்கா. அந்த மீன நாங்க எல்லாரும் கையில போட்டுக்கலாம்னு இருக்கோம். டாட்டூ அண்ணன் காசே வேணாம்னுட்டாரு. இன்னைக்கு சாயந்திரம் எனக்குத்தான் முதல்ல."

"கிரீம எப்பப் போட்ட?"

"காலையிலயே. இங்க வேலை இருக்கும்ல, அதான் போட்டுட்டே வந்துட்டேன்."

"எவ்வளவு?"

"டப்பா முழுசும். தோள் வரைக்கும், நெஞ்சுலயும் கொஞ்சம்." அவன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். "உதடு தான் என்னமோ மரத்த மாதிரி இருக்கு. காதுல வேற ஒரே இரைச்சல். ராத்திரி தூங்கலல்ல, அதனால இருக்கும்."

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தோடு முடிந்தது.

"சட்டையைக் கழட்டு," என்றாள் அக்கா. பஸ்ஸில் பேசும் குரல் அது. நெட்டை மறுபேச்சில்லாமல் பொத்தானில் கை வைத்தான்.

மலர்வளையம் கட்டிய கயிற்றை வெட்டிய கத்தரிக்கோல் திண்டின் மேல் கிடந்தது. அதை எடுத்து அவள் பிளாஸ்டிக்கைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெட்டினாள். உள்ளே வெள்ளையாக, விரல் புதையும் அளவுக்குக் கிரீம் இருந்தது.

"ஒண்ணும் ஆகாதுக்கா," என்றான் டாட்டூ கடைக்காரன். "எல்லாரும் போடுறது தான்."

"என் தம்பிக்கு மாரடைப்பு இல்ல," என்றாள் அக்கா. அவனிடம் ஆரம்பித்தாலும் தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னாள். "அவன் ஹார்ட்டு நல்ல ஹார்ட்டு. இந்தக் கிரீம் தான் கொன்னுச்சு. கால் முழுக்கப் பூசி இதே மாதிரி சுத்தியிருந்தான். டாக்டர் என் கிட்டயும் பெரியப்பா கிட்டயும் தான் சொன்னாரு. வலிக்கக் கூடாதுன்னு பூசினான். வலிக்கக் கூடாதுன்னு நெனைக்கிறது என்ன தப்பு? சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாட்டூ கடைக்காரன் கையிலிருந்த டீக்கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தான்.

அம்மா எழுந்து வந்தது எப்போது என்று அக்கா கவனிக்கவில்லை. கையில் துணி துவைக்கும் சோப்பு இருந்தது. வாசல் குழாயடியில் நெட்டையைக் குனிய வைத்து, தோளிலிருந்து கீழே அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அவன் காதோரம்கூடத் தேய்த்துவிட்டாள். தண்ணீரில் கிரீம் வெள்ளையாக ஓடியது. அதற்குள் நெட்டையின் விரல்கள் தானாகவே வெடுக் வெடுக்கென்று துடிக்க ஆரம்பித்திருந்தன. அவன் அதை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

குறுகலான தெரு. முன்னால் நின்றது பெட்டி ஏற்றிய வண்டி ஒன்றுதான். மற்ற வண்டிகளெல்லாம் அதன் பின்னால் வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. அக்கா நெட்டையைத் தோளில் தாங்கி அந்த வண்டியின் பின்கதவுக்குக் கூட்டிப்போனாள்.

"ஏங்க, இது பொண வண்டி," என்றான் டிரைவர்.

"தெரியும். ஏத்துங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நீள இருக்கையில் நெட்டையைச் சாய்த்து உட்கார வைத்து, அவன் ஈரக் கையைத் தன் மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நாடி வேகமாக இருந்தது, ஆனால் இருந்தது. "பேசிட்டே வா. எதையாவது பேசு," என்றாள். அவன் வாய் குழறிக்குழறி, தம்பியும் அவனும் ஒரு பியானோவை ஜன்னல் வழியாக இறக்கிய கதையை ஆரம்பித்தான்.

பெரிய சாலை வந்ததும் டிரைவர் திரும்பிப் பார்த்தான். அவள் வலது பக்கம் கையைக் காட்டினாள். பெட்டி போக வேண்டிய மயானம் இடது பக்கம் இருந்தது. மடியிலிருந்த போனில் பெரியப்பாவின் பெயர் எரிந்து அணைந்து மறுபடி எரிந்தது. அவள் எடுக்கவில்லை.

பின்கண்ணாடியில் பார்த்தபோது, பெரியப்பாவின் கார் முனையில் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு வலது பக்கம் திரும்பியது. அதன் பின்னால் ஒவ்வொரு வண்டியாக, விளக்கு எரிந்தபடி, ஹாரன் அடிக்காமல் திரும்பிக்கொண்டிருந்தன.