வெந்நீரைக் குறைத்தவர்கள்

அலுவலகத்தில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். முதலாளி வைத்த பெயர் அது. முதலாளி வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா கணவர்தான். ஒரு கட்டிடம் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, எவ்வளவு எண்ணெய் தின்கிறது என்று கருவிகளை மாட்டி அளந்து சொல்வது அவள் வேலை. அவள் அளந்த பிறகு கம்பெனி உள்ளே இறங்கும். பழைய பாய்லரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வைக்கும், ஒழுகும் குழாய்களை மாற்றும், சூடு வெளியே போகாமல் அவற்றுக்கு உறை சுற்றும். செலவு முழுக்க கம்பெனியுடையது. அதன்பின் பில்லில் குறைகிற தொகையில் ஒரு பங்கு கம்பெனிக்கு வரும். மிச்சமானால் வரவு, இல்லையென்றால் கைநட்டம். இதைவிட யோக்கியமான தொழில் உலகத்தில் இருக்க முடியாது என்று அவள் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நம்பியதற்குக் காரணமும் இருந்தது. ஆரம்பத்தில் கம்பெனி என்பது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைதான். அத்தானே பாய்லருக்குள் தலையை விட்டுச் சாம்பலோடு வெளியே வருவார். மூட வேண்டிய நிலையில் இருந்த ஒரு அச்சகத்தின் மின்கட்டணத்தைக் குறைத்து அதை மறுபடி ஓட வைத்தார்கள். அச்சகக்காரர் இரண்டு ஆட்களைப் புதிதாக வேலைக்கு எடுத்ததைச் சொல்ல, படியேறி மூச்சு வாங்க வந்தார். அன்றைக்கு அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அரசாங்கம் கண் திறந்தது. மிச்சப்படுத்தித் தரும் தொழிலை வளர்த்தால் ஆலைகளுக்குச் செலவு குறையும், வேலை பெருகும், நாட்டின் பொருளாதாரமும் நிமிரும் என்று அறிவித்தார்கள். வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. பாய்லரைப் படத்தில்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் கம்பெனி ஆரம்பித்தார்கள். அத்தான் கண்ணாடி போட்ட கட்டிடத்துக்கு மாறினார், சாம்பலை மறந்தார். ஊரிலேயே பெரிய அரசு ஆஸ்பத்திரி அவர் கைக்கு வந்தது. மற்ற ஊர்களுக்கெல்லாம் அதையே முன்மாதிரியாகக் காட்டப் போகிறோம், அமைச்சரே வந்து சுற்றிப் பார்ப்பார் என்று அரசுத் துறையிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் கணக்கு இடித்தது. புது பாய்லர் எவ்வளவு எண்ணெயை மிச்சப்படுத்தும் என்று அளவுக்காரி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதைவிட மிக அதிகமாக மிச்சமாகிக்கொண்டிருந்தது. அத்தான் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவள் அதை மேசை மேல் வைத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் பார்த்தாள். அவள் பாய்லரை அவளுக்குத் தெரியும். அதற்கு அவ்வளவு சமர்த்து கிடையாது.

அமைச்சர் வருவதற்கு முந்தைய வாரம் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாய்லர் அறை சுத்தமாக இருந்தது, தவறு எதுவும் கண்ணில் படவில்லை. சூடு எங்கே போகிறது என்று குழாய் போன வழியே நடந்து சலவைக்கூடத்துக்கு வந்தாள்.

கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது ரோஜா வாசனை. மலிவான, இனிப்பான, தலை வலிக்க வைக்கிற வாசனை. அடுத்த மூச்சில் அதற்கு அடியில் இருந்தது வந்தது. மூத்திரம், பழைய ரத்தம், காயத்தில் ஊறிய மருந்து, புளித்த வேர்வை எல்லாம் சேர்ந்து ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்த வாடை. துவைக்க வந்த துணிமூட்டையாக இருக்கும் என்று நினைத்தாள். வாடை வந்தது துவைத்து மடித்து அடுக்கியிருந்த பக்கத்திலிருந்து.

ஒரு விரிப்பை எடுத்துப் பிரித்தாள். நடுவில் மங்கிய மஞ்சள் வளையம். தொட்டபோது விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. தன்னையறியாமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், துடைத்தபின் புடவையும் அருவருத்தது.

சலவை மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். தொப்பையும் சிரிப்புமாக இருந்தார், கையில் வாசனை தெளிக்கும் குப்பி.

"வாங்க மேடம். நம்ம கம்பெனிதானே? உக்காருங்க. ஃபேன் போடவா?"

"இதெல்லாம் துவைச்ச துணியா சார்?"

"துவைச்சதுதான். கொஞ்சம் வாடை வரும், அதுக்குத்தான் இது." குப்பியை ஆட்டிக் காட்டினார். "உங்க ஆபீஸ்லருந்தே பெட்டி பெட்டியா அனுப்பிடுறாங்களே. நல்ல மனுஷங்க."

அவள் ஓடிக்கொண்டிருந்த ஒரு இயந்திரத்திலிருந்து வடியும் தண்ணீரில் விரலை வைத்தாள். கொதிக்கிற தண்ணீராக இருந்திருந்தால் விரலை வெடுக்கென்று எடுத்திருக்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல வெதுவெதுப்பாக இருந்தது. சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு இரும்புக் கூண்டு, கூண்டில் பூட்டு, பூட்டின் மேல் அவளுடைய கம்பெனியின் பச்சை இலைச் சின்னம்.

"இது யார் பூட்டினது?"

"உங்க ஆளுங்கதான் மேடம். யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுச் சாவிய எடுத்துட்டுப் போனாங்க. நமக்கென்ன, மேல சொன்னா கேட்டுக்குறோம். கைய சுட்டுக்காம வேலை பாக்கலாம், நல்லதுதானே."

அவர் சிரித்தபடியே அடுக்கின் மேல் இன்னொரு முறை தெளித்தார். அவள் வாசல்வரை போய் நின்று மூச்சு விட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகப் பெண்கள் வார்டுக்கு ஏறினாள். நோயாளிகள் வலியில் முனகும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள்; அவள் கேட்டது சொறியும் சத்தம். வரட் வரட்டென்று கட்டில் கட்டிலாக. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பெண்மணி நகராமல் கையை மட்டும் முதுகுக்கு அடியில் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். கையை வெளியே எடுத்தபோது நகக்கண்ணில் ரத்தம் இருந்தது. விரல் இடுக்கெல்லாம் சிரங்கு.

"இடுப்புக்காகத்தான் வந்தேன்மா," என்றார் அவர். "இடுப்பு பரவால்ல. இதுதான் உயிர எடுக்குது. ராத்திரியெல்லாம் தூக்கமே கிடையாது."

பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ் தன் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். அவருக்கும் இருந்தது. "சோப்புல ஏதோ கலப்படம்னு நினைச்சு மூணு கடை மாத்திப் பாத்தாச்சு," என்றார். "நீங்க யாரும்மா, சோப்புக் கம்பெனியா?"

அளவுக்காரி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

அத்தான் வீட்டில் மதியச் சாப்பாட்டில் இருந்தார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். "வாடி, தட்டு வைக்கட்டுமா?" என்றாள். அளவுக்காரி வேண்டாம் என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அத்தான், சலவைக்கூடத்துல சூட்டைக் குறைச்சுப் பூட்டு போட்டது நீங்களா?"

அவர் மென்றுகொண்டே அவளைப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தாள். மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தண்ணி சுடவைக்கிறதுலதான் பாதி எண்ணெய் போகுது. நீயே அளந்து சொன்னதுதானே?"

"எங்க போகுதுன்னு சொன்னேன். குறைங்கன்னு சொல்லல. தண்ணி நல்லா சுடலன்னா துணியில இருக்கிற சிரங்குப் பூச்சி சாகாது. அங்க நோயாளிங்க உடம்பெல்லாம் சிரங்கு. அழுக்குத் துணிக்கு மேல சென்ட் அடிச்சு அனுப்புறீங்க."

"சிரங்குல யாரும் சாகல." இன்னொரு கவளம் எடுத்தார். "நான் சொல்றத முழுசா கேளு. பாய்லர் மட்டும் தர்ற மிச்சத்தைக் காட்டினா அமைச்சர் கொட்டாவி விடுவாரு. பெருசா காட்டினாத்தான் துறை நம்பும், பேங்க் நம்பும். நூத்துக்கணக்கான கம்பெனி இந்த ஒரு ஆஸ்பத்திரியப் பாத்துட்டு நிக்குது. எத்தனை பேருக்கு வேலை தெரியுமா? இது விழுந்தா தொழிலே விழும். நாலு பேர் சொறிஞ்சுக்கிறாங்கன்னு நாட்டோட வளர்ச்சிய நிறுத்தச் சொல்றியா?"

உதட்டோரத்தில் குழம்பு வழிந்தது. அவர் அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பாய்லருக்குள்ளிருந்து சாம்பலோடு வந்த முகத்தை அவள் தேடினாள். அது கழுவிப் போய் வெகு காலமாகியிருந்தது.

"அமைச்சர் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் கொஞ்சம் கூட்டி வைக்கலாம்," என்றார் அவர். "மிச்சக் கணக்குல கையெழுத்துப் போட வேண்டியது நீதான். நாளைக்குப் போட்டுக் குடு."

"போட மாட்டேன்."

அக்கா நடுவில் வந்தாள். "ஏன்டி, வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கக் கூடாதா? அவர் என்ன கொலையா பண்ணிட்டாரு? உன் படிப்பு, உன் வேலை எல்லாம் யாரால வந்துச்சு?" அவளுடைய குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அக்காவின் பின்னால், திறந்திருந்த படுக்கையறையில், வெள்ளை வெளேரென்று சுருக்கமில்லாத விரிப்பு தெரிந்தது. அளவுக்காரி எழுந்தாள்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரித் துணியில ஒன்ன உன் கட்டில்ல விரிச்சு ஒரு நாள் படுத்துப் பாரு. அப்புறம் பேசலாம்."

அன்று சாயங்காலமே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைமை நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், வாசனைக் குப்பி. தான் எந்தக் கம்பெனி என்பதையும் சொன்னாள். நர்ஸ் கடைசியில் தன் முழங்கையை மெல்லச் சொறிந்துகொண்டு, "அப்போ சோப்பு மேல தப்பே இல்ல," என்றார்.

"பெரிய டாக்டர்கிட்ட புகார் குடுக்கலாம் சிஸ்டர். நான் கூட வரேன்."

"அவர் அமைச்சருக்குச் சால்வை எடுக்கப் போயிருக்காரு." நர்ஸ் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நீங்க போங்கம்மா. எந்த வார்டுல எது வேணும், வேணாம்னு முடிவு பண்றது நாங்க."

வருகை நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வர்ணம் அடித்த வாடை போகவில்லை. வாசலில் பச்சை இலைச் சின்னத்தோடு பதாகை. அத்தான் புது கோட்டில் நின்றார். அளவுக்காரியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையெழுத்து அவளிடமிருந்து வரவில்லை என்பதற்காக எதுவும் நிற்கவில்லை. வேறு ஒருவன் போட்டுக் கொடுத்திருந்தான்.

அமைச்சர், துறைச் செயலர், வங்கிக்காரர்கள் எல்லோரும் பாய்லர் அறையைப் பார்த்தார்கள். அத்தான் விளக்க விளக்கத் தலையாட்டினார்கள். அடுத்து வார்டு. நீளமான நடைபாதைக்குள் திரும்பியதும் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

நடைபாதை முழுக்கத் துணி வண்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு ஆள் ஒருக்களித்து நுழையக்கூட இடமில்லாமல். அன்று காலை சலவைக்கூடத்திலிருந்து வந்த எல்லா அடுக்கையும் எல்லா வார்டு நர்ஸுகளும் ஏற்க மறுத்து வெளியே தள்ளியிருந்தார்கள். மூடிய நடைபாதையில் வெயில் ஏறியிருந்தது. வாசனைத் திரவியம் காய்ந்து போய், அதற்கு அடியில் இருந்தது மட்டும் மிஞ்சியிருந்தது. ஈக்கள் மடிப்புக்கு மடிப்பு உட்கார்ந்திருந்தன.

அமைச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். ஒரு வங்கிக்காரர் சுவரோரம் குனிந்து ஓங்கரித்தார்.

"இது என்ன அழுக்குத் துணி, இங்க ஏன் வெச்சிருக்கீங்க?" என்று செயலர் கேட்டார்.

"அழுக்குத் துணி இல்லங்க," என்றார் தலைமை நர்ஸ். "துவைச்சு வந்தது. தண்ணி சுடக் கூடாதுன்னு பூட்டு போட்டு வெச்சிருக்காங்க. மிச்சம் பிடிக்கிறாங்களாம்." குரலை உயர்த்தவே இல்லை. அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வாடை உள்ளே போனதும் மூடிக்கொண்டார்.

அன்று மதியமே பூட்டை அறுத்தார்கள். சலவைக்கூடத்தில் ஆவி பறந்தது. மேற்பார்வையாளர் கையைச் சுட்டுக்கொண்டு முணுமுணுத்தார். சில வாரங்களில் வார்டில் சொறியும் சத்தம் அடங்கியது. இடுப்பு முறிந்த பெண்மணி வீட்டுக்குப் போய்விட்டதாக நர்ஸ் போனில் சொன்னார்.

யாருக்காவது தண்டனை கிடைத்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சூட்டை எவ்வளவு வைப்பது என்று தப்பாகச் சொன்னவள் அளவுக்காரிதான், அவளை நீக்கிவிட்டோம் என்று அத்தான் துறைக்கு எழுதிக் கொடுத்தார். துறையும் அதையே விரும்பியது. தொழிலின் பெயர் கெடாமல் ஒரு ஆள் போதும் என்று முடித்துக்கொண்டார்கள். இந்தத் தொழிலுக்காகத் துறை நடத்தவிருந்த மாநாடு தள்ளிப்போய், வேறு ஊரில், பெரிய மண்டபத்தில் நடந்தது. அத்தான் மேடையில் பேசினார். வாடையைக் கண்டு ஓங்கரித்த வங்கிக்காரர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டியதைப் படத்தில் பார்த்தபோது, அளவுக்காரிக்குச் சலவைக்கூடத்தில் வந்த அதே அருவருப்பு வந்தது. கோபம் வந்திருந்தால் எங்காவது கொட்டித் தீர்த்திருக்கலாம். இது தீரவில்லை. வாயில் ஏதோ கெட்டுப்போனதைக் கடித்தது போல ஒட்டிக்கொண்டே இருந்தது.

அக்கா ஒரே ஒரு முறை போன் செய்தாள். "அவர் உன் பேரையே எடுக்குறதில்ல," என்றாள்.

"நல்லது."

"எனக்குத் தோலெல்லாம் அரிக்குது. ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்றாரு."

அதோடு அக்கா போனை வைத்துவிட்டாள்.

அளவுக்காரி தன் கருவிகளோடு தனியாகத் தொழில் செய்கிறாள். தொழில் மேல் அவளுக்கு வெறுப்பு வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். போன மாதம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்பை அளந்தாள். கதவு இடுக்குகளில் சூடு கசிந்தது. அதை அடைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று முதலாளியிடம் சொன்னாள்.

"இன்னொரு கம்பெனி இதப்போல ரெண்டு மடங்கு தரேன்னு சொல்றாங்களே," என்றார் அவர்.

"எதுல குறைக்கப் போறாங்கன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு? மிச்சமானா சரி."

அவள் அடுப்பின் வாயில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். அவர்கள் தலைக்கு மேலே புகையை இழுக்கும் பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாலும் பில் குறையும். "சரி சார், அவங்களையே வெச்சுக்கங்க," என்று கருவிகளைப் பைக்குள் எடுத்து வைத்தாள். வெளியே வரும் வழியில், தண்ணீர் குடிக்க வந்த ஒரு தொழிலாளியிடம், "அந்த விசிறிய யாராவது நிறுத்த வந்தா விடாதீங்கண்ணே," என்று சொன்னாள். அவர் புரியாமல் அவளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.