முத்தம்மாள் பங்குக்கும்

செண்பகத்திடம் பாஸ்போர்ட் இருந்தது. அந்தத் தெருவில் வேறு எந்தப் பெண்ணிடமும் அது இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராக இருந்த அவள் கணவன் தேசப்பனை, தாய்லாந்தில் இருக்கும் கிளைக்கு ஒரு வருஷம் வேலை பார்க்கக் கம்பெனி அனுப்பியிருந்தது. தீபாவளிக்குள் உன்னையும் ஒரு நடை கூட்டிவந்து காட்டுகிறேன் என்று போனில் சொல்லிச் சொல்லி, அவன்தான் அவளைப் பாஸ்போர்ட் எடுக்கவைத்தான்.

தீபாவளிக்கு முன்பே அவன் விடுதிப் படுக்கையில் மாரடைப்பில் செத்துப்போனான். உடலைக் கொண்டுவர நாளாகும், தாங்காது, அங்கேயே எரித்துவிடலாம், வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும் என்று கம்பெனி சொன்னது. பெற்ற தாய் முத்தம்மாளிடம் ரேஷன் கார்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் செண்பகம் மட்டும் போவதென்று ஆயிற்று.

கூடப் போகிறவர் கம்பெனி அதிகாரி ராஜமாணிக்கம். முன்பே இரண்டு முறை போய்வந்தவர். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்த ஊர் முறைகளை எடுத்துச் சொன்னார்.

"புத்தர் கோயில்லதான் காரியம் நடக்கும்மா. வெள்ளையோ கறுப்போ கட்டிக்குங்க. செருப்பை வெளிய விட்டுட்டு, வாசப்படிய மிதிக்காம தாண்டி உள்ள போகணும். காலை மடக்கித்தான் உக்காரணும், பாதம் புத்தர் பக்கம் தெரியக் கூடாது. பிட்சுங்களைப் பொம்பளைங்க தொடக் கூடாது. யார் தலையிலயும் கை வைக்கக் கூடாது. அப்புறம்…"

அவர் தயங்கினார்.

"அப்பறம் இன்னா சார்?" என்றாள் முத்தம்மாள்.

"சத்தம் போட்டு அழக் கூடாது."

"பின்ன பாட்டா பாடுவாங்க, பொணத்த வச்சிக்கினு?"

"சத்தமா அழுதா போறவருக்குப் போக மனசு வராதுன்னு அங்க நம்புறாங்கம்மா. நம்ம ஆளுங்க இன்னும் பத்துப் பதினஞ்சு பேர் அங்க வேலை பாக்குறாங்க. நாம ஒண்ணு பண்ணி, அவங்க பேர் கெடக் கூடாது பாருங்க."

"அழுவாம போனா அது அநாதப் பொணம், நைனா. இந்தத் தெருல பிச்சக்காரன் செத்தப்பவே நாலு பொம்பளைங்க குந்தி அழுதோம். எம்புள்ள அவனவிடக் கேவலமா?"

ராஜமாணிக்கம் விமான நேரத்தை மறுபடி நினைவுபடுத்திவிட்டு எழுந்தார்.

அவர் பைக் தெருமுனை தாண்டியதும் முத்தம்மாள் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அந்தாளு ஆயிரம் சொல்லுவான். நீ தலமாட்டுல குந்தி வாய உட்டு அழு. என் பங்குக்கும் சேத்து அழுதுட்டு வா. பெத்தவ கேக்கறேன், வேற எதுவும் கேக்கல."

"அழுவறேன் அத்தே."

விமானத்தில் செண்பகம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அலுங்கினால் குடத்து நீர் சிந்திவிடும் என்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டை நீட்டிய பெண்ணிடம் தலையை மட்டும் ஆட்டினாள். அழுகை எல்லாம் அவனுக்கு, எல்லாம் அங்கே போய்.

அந்தக் கோயில் அழகாக இருந்தது. அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. பொன் பூசிய கூரை, பளிங்குத் தரை, மாலைமாலையாக வெள்ளைப் பூக்கள். அவனோடு வேலை பார்த்தவர்கள் கறுப்புச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்து கைகூப்பியிருந்தார்கள். காவி உடுத்திய நான்கு பிட்சுக்கள் விசிறிகளால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓதினார்கள். மழை வருமுன் தூரத்தில் குமுறுவதுபோல ஒரே சீராக இருந்தது அந்தக் குரல். சவப்பெட்டியின் மேல் தேசப்பனின் அடையாள அட்டைப் படம், பெரிதாக்கி, சட்டம் போட்டு.

இப்போது அழ வேண்டும். ஆனால் எப்படித் தொடங்குவது? ஊரில் யாரும் தனியாகத் தொடங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், தலையோடு தலை முட்டும், ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவள் வாங்கிக்கொள்வாள். அப்படித்தான் வாய் திறக்கும். செண்பகம் பக்கத்தில் பார்த்தாள். தன் வயதிருக்கும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, கண்கள் சிவந்து, குனிந்திருந்தாள்.

என்ன செய்கிறோம் என்று தெரியுமுன் செண்பகம் அவள் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, தலையைப் பிடித்து இழுத்துத் தன் தலையோடு சேர்த்துக்கொண்டாள். "ஏ ராசா…" என்று ஒரு குரல் கிளம்பியது.

அந்தப் பெண்ணின் உடம்பு விறைத்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்து, உடனே தலைகுனிந்துகொண்டார்கள். ஓதுவது நிற்கவில்லை. அந்தப் பெண் தன் தலையிலிருந்த செண்பகத்தின் கையை இரண்டு கைகளாலும் எடுத்து, மெதுவாக அவள் மடியில் வைத்தாள். பிறகு அவளைப் பார்த்துக் கைகூப்பினாள். முகத்தில் கோபமே இல்லை. தவறு செய்த விருந்தாளிக்குச் சங்கடமாகிவிடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது.

திட்டியிருந்தால் செண்பகம் அழுதிருப்பாள். அந்த மரியாதைக்கு முன்னால் வாய் மூடிக்கொண்டது. அதன் பிறகு, எரிக்குமுன் எல்லோரும் வைப்பதுபோல, மரச்சீவலில் செய்த பூவைப் பெட்டிமேல் வைத்தாள். கோயில் தகனக் கூடத்தின் புகைபோக்கியில் புகை எழும்வரை, சொன்னபடி காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. நாளை பழவேற்காட்டுக் கடலில் கரைக்கும்வரை இருக்கட்டும் என்று மூட்டையை வாசல் முருங்கைக் கிளையில் கட்டினார்கள். முத்தம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதியா?"

"அழுதேன் அத்தே."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

"என் பங்குக்கு?"

"அதுக்கும்."

முத்தம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இன்னா சொல்லி அழுத? அதத் திருப்பிச் சொல்லு, நானும் கேக்கறேன்."

எல்லோரும் காத்திருந்தார்கள். செண்பகம் வாயைத் திறந்தாள். "கம்பெனிச் சங்கு ஊதினா ஓடுவியே ராசா, எந்தச் சங்குக்கு ஓடின…" சொற்கள் வந்தன. பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதுபோல, தாழ்ந்து, ஒழுங்காக வந்தன. ஒரு வரிக்குமேல் அவளால் போக முடியவில்லை.

முத்தம்மாள் அவள் மோவாயை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தாள்.

"நீ அழுவல," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, முந்தானையை இறுக்கிக்கொண்டு, முருங்கையடிக்குப் போய் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்தாள். அவள் முதல் குரல் எடுத்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய்த் தோளோடு தோள் சேர்ந்தார்கள். வட்டம் மூடிக்கொண்டது.

செண்பகம் சற்று நேரம் வெளியே நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து, அழுது தொண்டை வறண்டவர்களுக்கு ஒவ்வொருவராகக் குடிக்கக் கொடுத்தாள்.