காற்றுத் துளைகளில் கந்தல்

வாருங்கள், லெசெடிங் குடியிருப்புக்கு வாருங்கள்! அங்கே குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலை மாதத்துக் காலையொன்றில் வந்து, ஏதேனும் ஒரு வீட்டுக்குள் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். கூரைத் தகரம் தெரியும். தகரத்தைத் தாங்கும் மரச்சட்டம் தெரியும். அதற்கும் உங்கள் தலைக்கும் நடுவே ஒன்றும் தெரியாது. ஏனெனில் ஒன்றும் இல்லை. கட்டிக்கொடுத்த அரசாங்கத்தார் உள்கூரை போட மறந்துவிட்டார்களா? மறக்கவில்லை. ஏழைக்கு நான்கு சுவரும் ஒரு தகரமும் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். சாவியைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று முதல் அந்த வீடுகளில் மூட்டுகிற நெருப்பின் சூடெல்லாம் தகரத்தின் வழியே வானத்துக்குப் போகிறது. உறங்குகிறவர்களின் மூச்சு ஈரம் தகரத்தில் உறைந்து, வெயில் பட்டதும் உருகி அவர்கள் மேலேயே சொட்டுகிறது. வெளியே வெயில், உள்ளே மழை! இந்த அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

இதே சொற்களை மொலெஃபி பல மேடைகளில் முழங்கியிருக்கிறார். தெருக்குழுவின் தலைவர் அவர். சுரங்கத்தில் உழைத்தவர், சங்கக் கூட்டங்களில் பழுத்த குரல், ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் கடைசி வரிசை வரைக்கும் போய் நிற்கும். ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம், மருத்துவமனைக் கட்டிலருகே நின்றபோது, அந்தக் குரல் அடுத்த கட்டிலுக்குக்கூட எட்டவில்லை.

கட்டிலில் கிடந்தவள் அவருடைய எதிர்வீட்டு டிகெலெடி. பக்கத்துக் கட்டிலில் அவள் மகள் ரெஃபில்வே, பள்ளிக்கு இன்னும் போகாத சிறுமி, முகத்தில் பிராணவாயு மூடியோடு கண்மூடிக் கிடந்தாள். தினமும் விடிந்ததும் முற்றம் பெருக்குகிற டிகெலெடி அன்று காலை கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லோ தட்டிப் பார்த்து, பிறகு தோளால் இடித்துத் திறந்தான். நடுவீட்டில், பழைய தகர டின்னில் துளை போட்ட கணப்பு. அதன் இரு புறமும் தாயும் மகளும் நினைவின்றிக் கிடந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க, ந்தாத்தே" என்றாள் டிகெலெடி. தந்தையின் வயதொத்தவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற, அவுசி? தங்கச்சி மாதிரி நீ."

"நீங்க மேடையில எவ்வளவு தெளிவா சொன்னீங்க! நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். நீங்க காட்டுன மாதிரிதான் அடுக்குனேன். கரி அடியில, விறகு மேல, தீ உச்சியில. புகையே இல்ல, பாதிக் கரி மிச்சம். புகை அடங்குனதும் உள்ள தூக்கிட்டு வந்தேன். செவுத்துல இருக்குற காத்துத் துளை, கதவுக்கடி, ஜன்னல் இடுக்கு, எல்லாத்தையும் துணி வச்சு அடைச்சேன்." மூச்சு வாங்கினாள். "ஒண்ணு விட்டுப்போச்சோ என்னமோ. அது வழியாத்தான் கெட்ட காத்து உள்ள வந்துருச்சோ?"

மொலெஃபி போர்வையை இழுத்து அவள் தோளை மூடினார். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். விட்டுப்போயிருந்தால் இவர்கள் இங்கே வந்திருக்க மாட்டார்கள்.

"அவ முழிச்சதும் சொல்றேன்" என்று அவள் மகளைப் பார்த்தபடி தொடர்ந்தாள். "ந்தாத்தே நம்மளப் பாக்க வந்தாருன்னு."

வெளியே வந்தவர் தாழ்வாரச் சுவரில் சாய்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கண்முன் எழுந்தது. குளிரில் காசு கரையாமல் வீட்டைச் சூடாக வைப்பது எப்படி என்று ஒரு தொண்டு நிறுவனம் துண்டறிக்கை கொடுத்திருந்தது. அதைப் படித்து, கணப்பை மூட்டிக் காட்டி, மொலெஃபி பேசினார். உச்சியில் பற்றவைத்த நெருப்பு புகையின்றி எரிந்தபோது கூட்டம் வாய் பிளந்தது. "உங்க சூட்டைத் திருடுறவன் வாசல் வழியா வரல! துளை வழியா வர்றான்! துளையை அடை! திருடனை அடை!" என்றார். கூட்டம் திருப்பிச் சொன்னது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். துண்டறிக்கையில் அடுத்து ஒரு வரி இருந்தது: வீட்டுக்குள் கரி நெருப்பு இருந்தால் துளைகளை அடைக்கலாகாது, புகை தெரியாவிட்டாலும் நஞ்சு உண்டு. அந்த வரியை அவர் முதல் நாளே படித்திருந்தார். படிக்கவே தேவையில்லை, மணமும் நிறமும் இல்லாத அந்தக் காற்று சுரங்கத்தில் எத்தனை பேரைச் சாய்த்தது என்று கண்ணால் கண்டவர் அவர். ஆயினும் குலவை ஓங்கி எழுந்த நேரத்தில், அந்த வரி ஈரச்சாக்கைப் போல அவர் நாவில் கனத்தது. சொன்னால் ஆரவாரம் அடங்கிவிடும். சொல்லாமலே மேடையை விட்டு இறங்கினார்.

கைதட்டலுக்காக ஒரு வரியை விழுங்கினார். அந்த வரியின் விலையை ஒரு சிறுமியின் நுரையீரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தார். உள்ளே இதமாக இருந்தது. அந்த இதமே அவரைச் சுட்டது. தெருவிலேயே உள்கூரை உள்ள வீடு அவருடையது ஒன்றுதான். அதே தொண்டு நிறுவனம், மாதிரிக்கென்று தெருவுக்கு ஒரே ஒரு வீட்டுக்குப் பலகை தந்தது. நெஞ்சு பலவீனமான குழந்தை இருக்கிறதென்று குழு முதலில் டிகெலெடியின் வீட்டைத்தான் சொன்னது. "கூட்டம் நடக்கிற வீட்டில் போட்டால் எல்லோரும் வந்து பார்ப்பார்கள்" என்று மொலெஃபி பேசினார். நன்றாகவே பேசினார். டிகெலெடியே எழுந்து, "ந்தாத்தே வீடுதான் சரி" என்று சொல்லும்படி பேசினார்! இப்போது அவர் வீட்டில் மாலையில் சிறிது நேரம் மின் கணப்பைப் போட்டு அணைத்தால் போதும். பலகை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரியும் வேண்டாம், கந்தலும் வேண்டாம்.

மனைவி மொயிபோனே கஞ்சியும் கீரையும் எடுத்து வைத்தாள். "குழந்தை எப்படி இருக்கு?"

"பொழைச்சுக்கும்னு சொல்றாங்க. இன்னும் கண்ணு தெறக்கல."

"நீங்க ஒண்ணும் பேசிக்கிட்டு இருக்காதீங்க. கரி சரியா எரியிறதுக்கு முந்தி டிகெலெடி உள்ள கொண்டு போயிட்டாள்னு தெருவே சொல்லுது. அப்படியே இருக்கட்டும்."

"அவ சரியாத்தான் செஞ்சா."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு?"

அவர் தட்டைத் தொடவில்லை. சன்னல் வழியே பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முற்றத்துக்கு முற்றம் கணப்புகள் எரிந்தன. எல்லாம் உச்சியில் பற்றவைத்தவை, எதிலும் புகையில்லை. அவர் சொல்லிக் கொடுத்த நெருப்பு! அதற்குப் பின்னால் சுவர்களில் காற்றுத் துளை இருந்த இடமெல்லாம் கந்தல் துணி, பிளாஸ்டிக் பை, பழைய காலுறை. அவருடைய பேச்சே தெரு முழுதும் சுவர்களில் அடைத்துக் கிடந்தது. இருட்டியதும் இந்தக் கணப்புகள் எல்லாம் உள்ளே போகும்.

ஒலிபெருக்கியை எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றால் யார் முகத்தையும் பார்க்காமல் பேசிவிடலாம். அந்த வசதி தமக்கு ஆகாது என்று தோன்றியது.

முதல் வீட்டுச் சுவரிலிருந்து அவரே கந்தலைப் பிடுங்கினார். இரண்டாவது வீட்டில் பிடுங்கும்போது கூட்டம் சேர்ந்துவிட்டது. போர்வை போர்த்தியபடி செல்லோ முன்னால் வந்தான்.

"என்ன தலைவரே! ஞாயித்துக்கெழமை அடைக்கச் சொன்னீங்க, வியாழக்கெழமை புடுங்குறீங்க. அடுத்த வாரம் செவுத்தையே இடிக்கச் சொல்வீங்களா?"

சிரிப்பு எழுந்தது. மொலெஃபி தொண்டையைச் செருமினார். "டாக்டருங்க சொல்றாங்க, நெருப்பு உள்ள இருந்தா துளை தெறந்திருக்கணுமாம். இல்ல, நெருப்பை வெளியவே விட்றணுமாம்."

"அது டிகெலெடி மாதிரி ஆளுங்களுக்கு" என்றாள் ஒருத்தி. "பச்சைக் கரியை உள்ள தூக்கிட்டுப் போனா யாருக்குத்தான் மயக்கம் வராது? நாங்க அவ்வளவு மக்கு இல்ல. நீங்க சொன்னபடி புகை அடங்குனப்புறம்தான் கொண்டு போறோம்."

பலர் தலையசைத்தார்கள். தப்பிச் செல்ல ஒரு கதவு அகலத் திறந்து கிடந்தது. வெறுமனே தலையசைத்தால் போதும்; பழி, மருத்துவமனையில் கிடப்பவள் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்; தலைவர் தலைவராகவே இருக்கலாம். ஆனால் தெருவில் எல்லோரும் கணப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

"அவ மேல தப்பு இல்ல" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "அவ ஒரு தப்பும் பண்ணல! நான் சொன்னதை அப்படியே செஞ்சா. புகை இல்லாட்டியும் கரியில விஷம் உண்டு. அந்தத் தாள்ல எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். சுரங்கத்துலயும் பாத்திருக்கேன். உங்ககிட்டச் சொல்லல."

"ஏன் சொல்லல?" சிரிப்பு போன குரலில் கேட்டான் செல்லோ.

"நீங்க கை தட்டிக்கிட்டு இருந்தீங்க."

 ஒவ்வொருவராக நகர்ந்து, அவரவர் சுவருக்குப் போய் அவரவர் கந்தலை உருவினார்கள். அவரைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். துணியை உருவுகிற ஓசைதான் தெருவெங்கும் கேட்டது.

செல்லோ மட்டும் நின்றான். "சரி, துளையைத் தொறந்தாச்சு. நெருப்பும் வெளியதான். குளிருக்கு என்ன பண்றது? எல்லாரும் ஒங்க பலகை போட்ட வீட்ல வந்து படுக்கவா?"

கேலியாகத்தான் கேட்டான். மொலெஃபியின் முகம் மாறவில்லை. "பிள்ளைங்களை அனுப்புங்க" என்றார். "முதல்லயே அந்தப் பலகை என் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது. டிகெலெடி பிள்ளைக்கு வர வேண்டியது. பேசிப் பேசி வாங்கிக்கிட்டேன்."

அன்று முதல் அந்தத் தெருவின் பிள்ளைகள் போர்வையும் பாயுமாக அந்த வீட்டில் வந்து நிறைந்தார்கள். மொயிபோனே கணவனோடு பேசவில்லை. ஆனால் எல்லோருக்கும் தேநீர் போட்டாள். இத்தனை உடல்களின் சூட்டில் மின் கணப்பே தேவைப்படவில்லை.

ரெஃபில்வே கண் திறந்தாள். அடுத்த வாரம் டிகெலெடி அவளை இடுப்பில் ஏந்திக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட்டங்களுக்கு வந்தாலும் வாசலைத் தாண்டாதவள், இன்று உள்ளே நுழைந்து, தலையை நிமிர்த்தி, வெள்ளைப் பலகைகளை நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்குன்னு சொன்னது இதுதானா, ந்தாத்தே?"

குரலில் கோபமில்லை. மொலெஃபி தலை குனிந்தார். தம் வீட்டு உள்கூரையை அண்ணாந்து பார்க்கும் துணிவு அவருக்கு அதன் பிறகு வரவே இல்லை.

இதைப் படிக்கிறவரே, சாவி வழங்கும் விழா உங்கள் ஊரிலும் நடக்கும். போங்கள். மாலைக்கும் படத்துக்கும் முன்னால் வீட்டுக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். தகரம் தெரிந்தால் கை தட்டாதீர்கள். உள்கூரை எங்கே என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரை உட்காராதீர்கள். மேடையிலிருந்து ஒருவன் உங்கள் ஆரவாரத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு இறங்கினால், அவன் வழியை மறியுங்கள். விழுங்கிய வரி எது என்று கேளுங்கள். அவனைச் சொல்ல வையுங்கள்!