மொட்டைக் குச்சி

ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட சுந்தரபாண்டி கண்டுபிடித்த வழி தீக்குச்சி. கோவில்பட்டியில் அவனுக்கு விதைக்கடை இருந்தது; உயிர் மட்டும் திரைப்படச் சங்கத்தில் இருந்தது. செயலாளரும் அவன்தான், ஸ்டேஷனிலிருந்து படப்பெட்டி சுமக்கிறவனும் அவன்தான். முதலில் ஓட்டுச்சீட்டு கொடுத்துப் பார்த்தான். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போனார்கள். அதற்கப்புறம் ஆளுக்கு இரண்டு குச்சி என்று ஆனது. படம் பிடித்திருந்தால் மருந்துள்ள குச்சியை டால்டா டப்பாவுக்குள் போட வேண்டும், பிடிக்கவில்லையென்றால் மருந்தில்லாத மொட்டைக் குச்சியை. மிச்சக் குச்சி அவரவர் பைக்குள். தீப்பெட்டி ஊரில் குச்சிக்கா பஞ்சம்?

குச்சி கொடுத்தவர் சாமித்துரை. தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையின் முதலாளி. படம் போடுகிற வியாபாரிகள் மண்டபமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருசம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியப் படம் ஆரம்பிக்கும் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதுவரைக்கும் நீரு போட்ட படம் ஒரு மண்ணும் வெளங்கலவே. இன்னைக்கு மொட்டக் குச்சி கூடுதலா விழுந்துச்சுன்னா, மண்டபம் இனிமே கல்யாணத்துக்கு மட்டுந்தான்."

வேறு மண்டபம் கொடுக்க ஊரில் ஆளில்லை. மண்டபம் போனால் சங்கம் போச்சு.

படம் ஏதோ குளிர்தேசத்தில் எடுத்தது. ஒரு கிழட்டுக் கணித மேதை, உலகமே கொண்டாடுகிற தேற்றம் ஒன்றை நிரூபித்தவர். அதில் ஓர் ஓட்டை இருப்பது ஒருநாள் அவர் கண்ணுக்கு மட்டும் படுகிறது. யாருக்கும் தெரியாத தப்பு தப்பாகுமா என்று, தத்துவம் படித்த நண்பரோடு முக்கால்வாசிப் படமும் பேசுகிறார். கடைசியில் சபையில் எழுந்துபோய், தன் தப்பைத் தானே கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு வெளியே நடக்கிறார். அவ்வளவுதான் கதை. பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது.

சண்டை படம் முடிந்தபிறகு நடந்தது.

கல்லூரியில் கணக்கு நடத்துகிற ஜெயப்பிரியா, "கணக்கு சுத்தமா இருக்கு. தத்துவந்தான் வளவளன்னு இழுக்காவ" என்றாள். பசுவந்தனையிலிருந்து பருத்திக் காட்டைப் போட்டுவிட்டு வந்திருந்த வெயிலுமுத்து, "எனக்குக் கணக்கு ஒண்ணும் புடிபடல. ஆனா அந்தப் பேச்சு இருக்கே, அதுக்காவ இன்னொருக்கா பாப்பேன்" என்றார். தூங்கி எழுந்தவர்களுக்குத்தான் கோபம் அதிகம்.

சாமித்துரை மொட்டைக் குச்சியின் நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு எழுந்தார். குச்சி கையில் இருந்தால் கடிக்காமல் அவரால் இருக்க முடியாது.

"ஊரே சரின்னு சொல்லுது. இவன் எதுக்குவே வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விடுதான்?"

சுந்தரபாண்டிக்குச் சுருக்கென்றது. "ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சாலும் தப்பு தப்புதான் அண்ணாச்சி. தெரிஞ்சும் மூடி வைக்கவன் மனுசனே இல்ல" என்றான். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போய்விட்டது.

டப்பா சுற்றி வந்தது. எப்போதும் அதை வாங்கிக் கொட்டிக் கொண்டுவருகிறவள் ஜெயப்பிரியா. அன்றைக்கு அவள் வெயிலுமுத்துவோடு வாதாடிக்கொண்டிருந்ததால், டப்பா பின்னறைக்கு, டீ ஊற்றிக்கொண்டிருந்த செல்வமாரி கைக்குப் போனது. செல்வமாரி சுந்தரபாண்டியின் மனைவி. அவள் தாம்பாளத்தில் குச்சியைக் கொட்டி, மேடைக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

அத்தனையும் மருந்துக் குச்சி. ஒரு மொட்டைகூட இல்லை.

திட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊருக்கே புரிந்த படம் தனக்கு மட்டும் புரியவில்லை என்று எவன் வாய்விட்டுச் சொல்வான்? சாமித்துரை தொண்டையைச் செருமினார்.

"பேச்சுக்குத்தான் நானும் எதுத்துப் பேசுனேன். கடேசிக் கட்டம் ஒசத்தி. நானே மருந்துக் குச்சிதான் போட்டேன்."

உடனே எல்லாரும் கைதட்டினார்கள். சுந்தரபாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

டப்பாவை எடுக்கப் பின்னறைக்குப் போனபோதுதான், ஜன்னல் திட்டில் அந்தக் குவியலைப் பார்த்தான். எல்லாம் மொட்டை. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, தாம்பாளத்தில் இருந்ததைவிட இது அதிகம்.

"ஏட்டி, என்னது இது?"

"தல இல்லாத குச்சி கலந்து கெடந்துச்சு. பொறுக்கிப் போட்டேன்" என்றாள் செல்வமாரி, டம்ளரைக் கழுவிக்கொண்டே. கல்யாணம் ஆகும்வரை தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்த கை அது. மொட்டைக் குச்சி உள்ளே போனால் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். வாய் ஊர்க்கதை பேசினாலும் விரல் தன் வேலையைச் செய்துவிடும்.

வெளியே டீயைக் குடித்துக்கொண்டு எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஜன்னல் வழியே பேச்சுக் கேட்டது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். சுந்தரபாண்டி குவியலை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

மறுநாள் கடையில் கம்பு கேட்டவருக்குச் சோளம் போட்டான். அதற்குமேல் தாங்கவில்லை. நேரே சாமித்துரையின் ஆபீஸுக்குப் போய், குச்சிகளை அவர் மேஜையில் கொட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

"உண்மையில படம் தோத்துப் போச்சு அண்ணாச்சி. மண்டபத்த நீங்க எடுத்துக்கிடுங்க."

சாமித்துரை குச்சிகளை விரலால் கிளறினார். நுனி கடித்த குச்சி ஒன்று மேலே வந்தது. அதை எடுத்து, தன்போக்கில் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டார். பிறகு கணக்குப்பிள்ளை பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குப்பைக் கூடையில் தள்ளினார்.

"காலையிலருந்து பாக்கவன்கிட்டயெல்லாம் அந்தப் படத்த வெளக்கிச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்பம் வந்து தோத்துப் போச்சுங்கீரு" என்றார். "அடுத்த மாசமும் இதே மாதிரி ஒண்ணு கொண்டாரும். மண்டபத்துக்கு நானாச்சு."

டீ வந்தது. டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணு மட்டும். டப்பா இனிமே உம்ம வீட்டம்மா கையிலயே இருக்கட்டும்."

சுந்தரபாண்டி டம்ளரைக் கையில் எடுத்தான். ஒரு மடக்குக் குடித்தான்.

"சரி அண்ணாச்சி" என்றான்.