டாம் கார்வி வீடு

நோரா ஜன்னல் திரையை மறுபடி விலக்கிப் பார்த்தாள். தெருவில் ஈ காக்கா இல்லை. முன்னறையில் அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுடன் திறந்த பெட்டியில் படுத்திருந்தார். பக்கத்து அறையில் நூறு பேருக்கு வெட்டி வைத்த ஹாம் சாண்ட்விச் ஓரம் காய்ந்துகொண்டிருந்தது. மணி பத்தரை. பன்னிரண்டுக்குக் கோயிலில் பூசை.

சாவு வீட்டுக் கதவை மூடக்கூடாது என்று நேற்று மதியத்திலிருந்து திறந்தே போட்டிருந்தார்கள். பாதிரியார் வந்தார். பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் கிழவி வந்தாள். மின்சார மீட்டர் பார்க்கிறவன் வந்து, விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுப் போனான். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர் வாசலில் தொண்டையைச் செருமினார். "ஆறு பேர் தோள்ல தூக்குவாங்கன்னு சொன்னீங்க மேடம். ஆள் இல்லேன்னா பரவால்ல, எங்ககிட்ட சக்கரவண்டி இருக்கு. அலுங்காம உருட்டிட்டுப் போயிடலாம்."

"உருட்டறதுக்கு அவர் என்ன பீப்பாயா?"

அவர் காருக்குப் போனார்.

நாற்பத்திரண்டு வருஷம் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரச் சாலைகளுக்கு அடியில் குழாய் பதித்த மனிதர். சனிக்கிழமை தவறாமல் அயர்லாந்துக்காரர்கள் கிளப்புக்குப் போனவர். மகளை ஒரு நாள்கூட அங்கே கூட்டிக்கொண்டு போனதில்லை. பள்ளிக்கூடத்தில் நோராவை ஐரிஷ்காரி என்றார்கள். விடுமுறைக்கு அயர்லாந்தில் அப்பாவின் ஊரான மேயோ போனால் சித்தப்பா பிள்ளைகள் இங்கிலீஷ்காரி என்றார்கள். தன் இங்கிலீஷ்கார உச்சரிப்பைக் கேட்டுத்தான் அப்பா வெட்கப்படுகிறார் என்று பத்து வயதில் முடிவு கட்டியவள், இன்னும் அதை விடவில்லை.

அம்மா டீலியா ஜெபமாலையை உருட்டியபடி, "யாரும் வரலேன்னா என்னடி? நாம ரெண்டு பேர் போதும்" என்றாள்.

"எப்படிப் போதும்? கிளப் பலகையில அப்பா சாவு நோட்டீஸை நானே போய் ஒட்டினேன். 'மலாக்கி டகன், மேயோ'ன்னு கொட்டை எழுத்துல. ஒருத்தருக்குக்கூட மனசு இல்லையே!"

ஜெபமாலை நின்றது. அம்மா எழுந்துபோய், நேற்றிலிருந்து திறந்திருந்த கதவைச் சாத்தினாள்.

"அங்க யாருக்கும் மலாக்கியைத் தெரியாது. அவங்களுக்கு இவர் டாம் கார்வி."

"என்னம்மா சொல்றே?"

"மெதுவாப் பேசு. இவரோட அத்தை மகன் டாம் அமெரிக்கா போறப்போ தன் வேலை அட்டையை இவர்கிட்ட விட்டுட்டுப் போனான். அதைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தார், ஒரு மாசத்துக்குன்னுதான். எல்லாரும் அந்தப் பேர்லயே கூப்பிட்டுப் பழகிட்டாங்க. அப்பறம் எங்கேர்ந்து மாத்தறது?"

"அதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனா என்ன?"

"உன் பேரைக் கேட்டா நோரா டகன்னு பட்டுனு சொல்லிடுவியே. ஒருநாள் கடைத்தெருவுல கிளப் ஆளுங்க எதிர்ல வந்தாங்க. உன் கையை விட்டுட்டுத் தெருவைத் தாண்டிப் போயிட்டார். அன்னிக்குச் சாப்பாடே இறங்கல அவருக்கு."

அந்த நாள் நோராவுக்கு ஞாபகம் இருந்தது. அழவேண்டுமா, பெட்டியிலிருப்பவரைப் பிடித்து உலுக்கவேண்டுமா என்று தெரியவில்லை. போனை எடுத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்டி. பொய்ப் பேர்ல வேலை செஞ்சார்னு தெரிஞ்சா கவர்மென்ட்காரன் வந்துடுவான்."

"வரட்டும். அவனும் ஒரு தோள் குடுக்கட்டும்."

கிளப்பில் ஒரு பெண் எடுத்தாள்.

"டாம் கார்வி செத்துட்டார். நான் அவர் பொண்ணு."

"கார்விக்குப் பொண்ணா?"

"பன்னிரண்டுக்குப் பூசை. தூக்க ஆள் வேணும். விலாசம் சொல்றேன், எழுதிக்குங்க."

பதினொன்று பத்து. பதினொன்று இருபது. ஏற்பாட்டுக்காரர் திரும்பி வந்து, சுவரில் சாய்த்திருந்த பெட்டி மூடியை எடுத்தார்.

மண் படிந்த வேன் ஒன்று வந்து நின்றது. கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி ஐந்து கிழவர்கள் இறங்கினார்கள். முன்னால் வந்த தடித்த மனிதர் கதவைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டாம் கார்வி வீடு இதானேம்மா?"

கதவைத் திறந்த நோரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா, இதான்! உள்ள வாங்க!" என்றாள் அம்மா, பின்னாலிருந்து. தெருவுக்கே கேட்டது.

அவர் பெட்டியருகே நின்று சிலுவைக் குறி போட்டார். "அடப்பாவி கார்வி, உனக்குக் கல்யாணமே ஆகலேன்னுல்ல நெனச்சோம்!" என்றவர், அம்மாவைப் பார்த்ததும் காதுவரை சிவந்தார். அம்மா சிரித்தாள்; சிரிப்பு அழுகையாகி, கொஞ்ச நேரம் நிற்கவே இல்லை.

மூடி போட்டதும் அதிலிருந்த பித்தளைத் தகட்டை அவர் வாசித்தார். மலாக்கி டகன். நோரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு கெடக்கட்டும்மா," என்றார். "வேலை செஞ்ச இடத்துல என் பேரும் என் பேரில்ல."

உயரம் பார்த்து இரண்டிரண்டு பேராக நின்றார்கள். கடைசியில் ஒரு இடம் காலி. ஏற்பாட்டுக்காரர் தன் ஆளைக் கூப்பிட்டார்.

"நான் இருக்கேன்," என்று நோரா குதிகால் உயர்ந்த செருப்பை உதறினாள்.

"பொம்பளைங்க தூக்கறது..." என்று ஆரம்பித்த தடித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தன் இடத்தைக் கடைசியில் நின்றவருக்குக் கொடுத்துவிட்டு அவளுக்கு இணையாக வந்து நின்றார்.

பாரம் தோளில் இறங்கியது. நினைத்ததைவிட அதிகம். பெட்டிக்கு அடியில் அவருடைய கை நீண்டு அவள் தோளை இறுகப் பற்றியது. அவளும் எட்டி அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இடது கால் முதல்ல, கார்வி," என்றார் அவர்.

நோரா இடது காலை எடுத்து வைத்தாள்.