கிணற்றடிக்குச் செருப்போடு வரக்கூடாது

கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்மீது கைநீட்டாத மனிதர், பாரிசவாதம் வந்து ஒரு கைதான் மிச்சம் என்றான பிறகு, அந்தக் கையால் என்னை அடிக்கத் தொடங்கினார். முதல் அடி விழுந்தபோது வலிகூடத் தெரியவில்லை. திகைத்துப்போய் நின்றேன். களப்பில் வலை இழுத்துக் காய்த்துப்போன கை அது. விழுந்த இடம் கன்றிப்போனது.

எல்லா நேரமும் அடிப்பதில்லை. வாயில் சோறு தீத்தும்போது பூனைக்குட்டி மாதிரி இருப்பார். சாரம் மாற்றும்போதும் சத்தமில்லை. கிணற்றடியில் கதிரையில் இருத்திக் குளிப்பாட்டப் போனால்தான் வரும் வினை. குழாயைத் திறக்கக் குனிவேன். முதுகிலோ கையிலோ பளாரென்று ஒன்று விழும். அதோடு அன்றைய குளிப்பு முடிந்தது. மோட்டரை நிறுத்திவிட்டு, ஆளைக் கட்டிலில் கிடத்தி ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஆமென்று சொல்லும் ‘ஓம்’ ஒன்றுதான். பசிக்குதா என்றாலும் ஓம், பசிக்கலியா என்றாலும் ஓம். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல், “என்னக் கண்ணிலயும் காட்டக் கூடாதா உங்களுக்கு?” என்று கேட்டேன். “ஓம்” என்றார். அடியைவிட அதுதான் சுட்டது.

மாங்கேணியில் இருக்கும் அவர் தங்கை தெய்வமணியிடம் போனில் சொல்லி அழுதேன். “மச்சாள், கையக் கதிரையோட கட்டிப்போட்டுக் குளிப்பாட்டுங்க. அதுக்கும் சரிவராட்டி அண்ணன இஞ்ச கொண்டுவந்து விடுங்க” என்றாள். வீடு என் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பது. வந்த மனிதரை இந்த நிலையில் திருப்பி அனுப்பினால் வாழைச்சேனை முழுக்க என்னைத்தான் கிழிக்கும். கிழிக்கட்டும் என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, கை கட்டுவதற்கு அளவாக ஒரு துண்டும் எடுத்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து யசோதினி மிஸ் வருவா. ஓ.ரி. மிஸ் என்பார்கள். இப்படி வருத்தம் வந்து விழுந்தவர்கள் மறுபடி தாங்களே உண்ண, உடுக்க, குளிக்கப் பழக்குவது அவவுடைய வேலை. பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. வந்த நேரம் முதல் ஒரே கேள்வி.

“அடிக்கிறதுக்கு முன்னால என்ன நடக்குது, அன்ரி?”

“என்ன நடக்கிற? ஒண்டும் நடக்கல்ல. அடிக்கிறார்.”

“வாயால ஏலாததக் கையால சொல்றார். என்ன சொல்றார் எண்டுதான் நாம பாக்கணும்.”

நல்ல கதை. அடி வாங்குவது நான், அர்த்தம் சொல்வது நீயா என்று மனதுக்குள் கறுவினேன். மிஸ் தண்ணீரைச் சூடாக்கிப் பார்த்தா. வெட்கப்படுகிறாராக்கும் என்று சீலையால் மறைப்புக் கட்டிப் பார்த்தா. சவுக்காரத்தை மாற்றிப் பார்த்தா. எனக்கு விழுகிற அடி மாறவில்லை.

கடைசியில் ஒரு நாள் தானே குளிப்பாட்டுகிறேன் என்று எழும்பினா. “பாசி வழுக்குது அன்ரி, சப்பாத்தக் கழட்டாம வரட்டா?” என்றா. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கிணற்றடிக்குச் செருப்போடு ஒருவரும் போவதில்லை. என் அம்மா காலத்துச் சட்டம் அது. கிணற்றுக்கு மோட்டர் பூட்டிய பிறகு இவர் மட்டும் செருப்போடு போய் நிற்பார். நான் கத்துவேன். காதில் வாங்கவே மாட்டார். நான் வாளியால் அள்ளுகிற ஆள். தோள்மூட்டு உழைவு வந்தபடியால்தான், இவரைக் குளிப்பாட்ட மட்டும் அந்த மோட்டரைத் தொட்டேன். சரி, மிஸ்ஸிடம் கத்த முடியுமா? வாங்க என்றேன்.

மிஸ் குழாயைத் திறந்தா. வாளியில் பிடித்துத் தலையில் வார்த்தா. மனிதர் கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோய்ச்சலுக்கு இருந்தவர் போல அப்படியே இருந்தார். கை மடியை விட்டு எழும்பவில்லை.

எனக்கு நெஞ்சு உடைந்துபோனது. அப்படியென்றால் தண்ணீருமில்லை, சவுக்காரமுமில்லை. என்னைத்தான் பிடிக்கவில்லை.

அடுத்த முறை மிஸ் வருகிற அன்று அவருடைய உடுப்புப் பையை அடுக்கிவிட்டேன். சாரத்துண்டு என் தோளில் கிடந்தது. கட்டிக் குளிப்பாட்டிப் பார்ப்பது, சரிவராவிட்டால் பின்னேரம் மாங்கேணி. அவரைக் கதிரையில் இருத்திய நேரம் மிஸ் வந்து சேர்ந்தா.

“கட்ட வேணாம் அன்ரி. எப்பயும் செய்யிற மாதிரிச் செய்ங்க. நான் ஒண்டும் செய்யாம பாத்திட்டு நிக்கிறன்.”

மோட்டரைப் போட்டேன். கிணற்றுக்கட்டின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினேன். குழாய்க்குக் குனிந்தேன். விழுந்தது அடி.

“நில்லுங்க! இப்ப செருப்பப் போட்டிட்டு வாங்க.”

“கிணத்தடிக்கா?”

“ஒருக்கா அன்ரி, எனக்காக.”

முணுமுணுத்துக்கொண்டு போட்டு வந்தேன். குனிந்து குழாயைப் பிடித்தேன். அவர் கை எழும்பவில்லை. மிஸ் சொல்ல, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தேன். நான் குனிய முதலே கை மேலே எழும்பிவிட்டது. அவர் கண் என் முகத்தில் இல்லை. என் காலில் இருந்தது.

மிஸ்ஸின் முகம் வெளிறிப்போனது. “தொடாதீங்க! தள்ளி வாங்க!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஓட்டமாவடியிலிருந்து கரண்ட் வேலை செய்யும் றிஷாட்டைக் கூப்பிட்டோம். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மோட்டரைப் போட்டான். டெஸ்டரை அந்த இரும்புக் குழாயில் வைத்தான். உள்ளே குட்டி பல்ப் சிவப்பாக எரிந்தது. தண்ணீர்க் குழாயில் கரண்ட்.

“கரண்ட் கசிஞ்சா விழுற ட்ரிப் சுவிட்சுக்குக் குடுக்காம நேரா வயர் இழுத்திரிக்கி அக்கா. செருப்புக் கால்ல கிடந்தபடியால தப்பினீங்க. இந்த ஈரத்தில வெறுங்காலோட புடிச்சிருந்தா...”

இழுத்தவர் இவர்தான். சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று தன் கெட்டித்தனத்தைக் காட்டியிருக்கிறார். குழாயைப் பிடித்துக் கரண்ட் அடித்துக் கை உதறிய பிறகு எனக்குச் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டார். நாளைக்குப் பார்ப்போம் என்று எதையும் தள்ளிப்போடுகிற மனிதர். நாளை வருவதற்குள் வருத்தம் வந்து வாயைக் கட்டிவிட்டது. வந்த கோபத்தில் எனக்கு நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல இருந்தது.

மிஸ் கிணற்றுக்கட்டிலேயே இருந்துவிட்டா. “நானும் தண்ணிக்குப் பயப்பிடுறார் எண்டுதான் நினைச்சன் அன்ரி. உங்கட உசிரு போயிரும் எண்டு பயந்திருக்கிறார்.”

தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன். மிஸ் கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்தக் கையை நானே கட்டிப்போட்டிருப்பேன். அவர் கண்ணுக்கு முன்னாலேயே குழாயைப் பிடித்திருப்பேன். அவர் ஓம், ஓம் என்று கத்தியிருப்பார். நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன்.

துண்டை வீசிவிட்டு ஓடிப்போய்க் கதிரையில் இருந்த அவர் காலடியில் விழுந்து அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை வெடுக்கென்று உருவி என் தோளில் ஓங்கி ஒன்று போட்டார்.

குனிந்து பார்த்தேன். ஈரத்தில் வெறுங்காலோடு இருந்தேன். றிஷாட் உள்ளே போய் வயரை வெட்டிவிட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

எழும்பிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன்.