இசெட்டாவின் பின் ஜன்னல்

சின்னக் காரின் பின் ஜன்னலை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தபோது பக்கத்து அறையில் மூச்சுச் சத்தம் நின்றது.

தம்பியால் எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பசை பிடிக்கும் வரை விரலை எடுக்கவே கூடாது என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எடுத்தால் ஜன்னல் வழுக்கும். பசை இழுபட்டுத் தெளிந்த பிளாஸ்டிக் முழுக்க ஈஷிக்கொள்ளும். அவன் காதைத் தீட்டிக்கொண்டான். ஆக்சிஜன் மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே வரவேண்டிய கரகரப்பு வரவில்லை.

விட்டுவிட்டு ஓடினான். பின்னால் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

அக்கா மூக்கில் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்தபடி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டியா?"

"உன் மூச்சு கேக்கல."

"எச்சி முழுங்கினேன்டா. அதுக்குக்கூட உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணுமா? போ, காயறதுக்குள்ள துடை."

அவன் திரும்பி வந்தபோது ஜன்னல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தான். பெரிய பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை. ஒவ்வொரு விரலும் அந்தச் சின்ன ஜன்னலைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மேஜைமேல் இருந்தது அந்தக் கார். பெரிய தேங்காய் அளவு, அதே முட்டை வடிவம், வெளிர் நீலம். நிஜக் காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அக்கா பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். தெருவில் அவளுக்குப் 'பல்லக்கா' என்றே பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால், "பல்லக்கு சரி, தூக்கறதுக்கு நாலு ஆள் எங்க?" என்பாள். பல்லுக்கு அச்சு எடுக்கும் அதே மாவில் காரின் உடம்பை வார்த்து, பல்லைத் தேய்க்கும் அதே துளையூசியால் கதவின் விளிம்பைச் செதுக்கியிருந்தாள். ஜன்னல்கள்கூட அப்படித்தான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, பல் அச்சின்மேல் உறிஞ்சிப் படியவைக்கும் கருவி ஒன்று உண்டு. அதில் பல் அச்சுக்குப் பதிலாகக் காரின் கூரையை வைத்து எடுத்திருந்தாள். எல்லாம் முடிந்து பின் ஜன்னல் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

காலையில் நர்ஸ் வந்திருந்தாள். நாடியைப் பார்த்தாள், அக்காவின் கால் நகங்களைப் பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். வாசல்வரை வந்த பிறகுதான், "வெளியூர்ல யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க. இன்னிக்கே," என்றாள். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தாள்.

வெளியூரில் இருந்தது அக்காவின் மகள் ஒருத்திதான். நர்ஸ் சொல்லும் முன்பே, விடிந்ததும் ரயில் ஏறியிருந்தாள். அவள் வந்து சேரும் வரை அக்கா இருக்க வேண்டும். தம்பிக்கு அன்று வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

போன் அதிர்ந்தது. அவன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"மாமா, ரயில் நடுவழியில நின்னுடுச்சு. சிக்னல் கோளாறாம். அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. என்னைத் திட்டிட்டு இருக்கா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"திட்டினாங்கன்னா சரி," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

திரும்பி வந்து மேஜைமுன் உட்கார்ந்தான். ஜன்னலை எடுத்தான், பொருத்திப் பார்த்தான், எடுத்து வைத்தான். ஓரத்தை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்தான். தேய்க்க அங்கே ஒன்றுமில்லை. இருந்தும் தேய்த்தான். காரணத்தை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பசைப் புட்டியின் மூடியைத் திறக்கப் போகும்போதெல்லாம் உப்புத்தாளையே மறுபடி எடுத்தான். இந்த ஜன்னலை ஒட்டிவிட்டால் அக்காவுக்கு இங்கே வேலையில்லை.

"டேய்."

ஓடினான்.

"என்னடா பண்றே அங்க?"

"ஓரம் தேய்க்கறேன்."

"அதை நான் தேய்ச்சு முடிச்சாச்சு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். "இழுத்தடிக்கிறே."

"அதெல்லாம் இல்ல."

"ரயில் எங்க நிக்குது?"

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சமையலறையில போய்ப் பேசினா எனக்குக் கேக்காதா? நுரையீரல்தான்டா போச்சு. காது இல்ல."

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்தான். ஜில்லென்று இருந்தது.

"அப்பா கார் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் நினைவு வேறு, அக்காவின் நினைவு வேறு. அவள் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, எல்லாவற்றுக்கும் பஞ்சம் வந்து, முழுக் கார் வாங்க வக்கில்லாத ஜனங்களுக்காக வந்த இசெட்டா என்ற வண்டி அது. முதலில் போட்டது ஓர் இத்தாலியக் கம்பெனி. அதற்கு முன்பு அவர்கள் குளிர்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். அதனாலோ என்னவோ, கதவையும் காரின் முகத்திலேயே வைத்தார்கள். குளிர்பெட்டியைத் திறப்பதுபோல முன்பக்கம் முழுவதும் திறக்கும். ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வரும். பிறகு மற்ற நாட்டுக் கம்பெனிகளும் உரிமம் வாங்கிச் செய்தன. மோட்டார் சைக்கிள் உரிமம் வைத்திருப்பவர்களும் ஓட்டட்டும் என்று மூன்று சக்கரத்தில் ஒரு வகை வந்தது. அந்த உரிமத்துக்காக அதில் ரிவர்ஸ் கியரையே இல்லாமல் பண்ணியிருந்தார்கள். அப்பாவிடம் வந்து சேர்ந்தது அந்த வகைதான். எத்தனையாவது கைமாறி வந்ததோ.

வந்த முதல் நாளே அப்பா அதைக் கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டு போய், மூக்கு சுவரில் இடிக்க நிறுத்தினார். முன்னால் சுவர், கதவு திறக்காது. ரிவர்ஸ் கிடையாது, வண்டி பின்னால் போகாது. உள்ளே அப்பா, அக்கா, சீட்டுக்குப் பின்னாலிருந்த மேடையில் சுருண்டு கிடந்த அவன். தம்பிக்கு நினைவிருப்பது இருட்டும் பெட்ரோல் வாடையும்தான். மூச்சு முட்டுகிறது என்று அவன் அலறியிருக்கிறான்.

"நீ கத்தின கத்துல அப்பாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல," என்றாள் அக்கா. "வண்டிக் கூரை துணிதானே, நான்தான் அதை மடிச்சுட்டு மேல ஏறினேன். வெளியில குதிச்சு, வண்டியைப் பின்னால இழுத்தேன். நீ பின் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தே. மூக்கைக் கண்ணாடியில அப்பிக்கிட்டு." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தான். எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அடங்கியபோது அவள் உதடு நிறம் மாறியிருந்தது.

"போய் ஒட்டுடா," என்றாள். "அவ வர வரைக்கும் இருப்பேன்னு நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல. கார்தான் கேட்டேன்."

இந்தமுறை அவன் தேய்க்கவில்லை. பல்குச்சியின் முனையில் வெள்ளைப் பசையைத் தொட்டு விளிம்பைச் சுற்றித் தடவினான். ஜன்னலை வைத்து இரண்டு விரல்களால் அழுத்தினான். பக்கத்து அறையில் மூச்சு கேட்டது, பிறகு கேட்கவில்லை. உள்ளங்கால் வேர்த்தது. எழுந்துவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது.

"அக்கா!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"இருக்கேன்," என்றது உள்ளேயிருந்து. "பிடி."

பிடித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும், "இருக்கேன்." அதற்கடுத்த தடவை பதில் வரவில்லை, கட்டில் சட்டத்தை நகத்தால் தட்டும் ஓசை மட்டும் வந்தது. அதுவும் போதும் என்று பிடித்திருந்தான். விரல் மரத்துப்போனது. மெல்ல எடுத்தான். ஜன்னல் அசையவில்லை.

காரை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய் அவள் மடியில் வைத்தான். அவள் முதலில் பின் ஜன்னலைத்தான் பார்த்தாள். முகத்தை வெகு அருகில் கொண்டுபோய், பல்லில் சொத்தை தேடுவதுபோலப் பார்த்தாள்.

"ம்."

"சரியா இருக்கா?"

"பஸ் ஓட்டற கைக்கு இது அதிகம்."

அவள் ஆள்காட்டி விரலால் முன்கதவைத் தொட்டாள். விரலுக்குத் தெம்பு இல்லை. அவன் கையைக் கொண்டுபோனான். அவள் தலையை அசைத்து வேண்டாமென்றாள். மறுபடி முயன்றாள். கதவு திறந்தது. குண்டூசித் தலை அளவு மூட்டொன்று மடங்கி, ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வந்தது. அவள் மூடினாள்; திறந்தாள்; மூடினாள்.

போன் அடித்தது. இந்தமுறை அவன் சமையலறைக்குப் போகவில்லை. ஒலியைக் கூட்டித் தலையணைமேல் வைத்தான்.

"அம்மா! ரயில் கிளம்பிடுச்சு. இதோ வந்துடறேன். கேக்குதாம்மா?"

"கேக்குது. ஓடி வராதே," என்றாள் அக்கா. "மெதுவா வா."

பிற்பகல் வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் பயமாக இருந்தது. அதனால் அவன் பேசினான். பேருந்தில் ஒரு கிழவர் பல்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கியது, பிரேக் போட்டதும் அது உருண்டு முன்னால் வந்தது, பேருந்தே குனிந்து தேடியது. "உன் கைவேலைதான்க்கா அது. ஒரு கீறல் இல்ல," என்றான். அவள் வாயோரம் லேசாக அசைந்ததுபோல் இருந்தது. அந்த உற்சாகத்தில் இன்னொன்றும் சொன்னான், அதன் பிறகு இன்னொன்றும். சொல்லி முடித்து, அவள் சிரிப்பாளென்று காத்திருந்தான்.

அறையில் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்தே ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தவன், பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டான். அவள் மூக்கருகே புறங்கையை வைத்தான். குழாயிலிருந்து வந்த காற்றுதான் பட்டது. குழாயை விலக்கிவிட்டு மறுபடி வைத்தான். பிறகு எழுந்து போய் மெஷினை நிறுத்தினான். காரை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தான். போர்வையைச் சரிசெய்தான். நர்ஸுக்குப் போன் செய்தான். எண்ணை அவன் தப்பாக அழுத்தி, யாரோ ஒருவர் எடுத்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி அழுத்தினான்.

மகளுக்குச் செய்யவில்லை. மெதுவா வா என்று அக்காவே சொல்லியிருந்தாள்.

வாசல் மணி அடித்தபோது நர்ஸ் என்று நினைத்துத்தான் திறந்தான். மகள் நின்றிருந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, நெற்றியெல்லாம் வேர்வை. ஓடித்தான் வந்திருக்கிறாள்.

"அம்மா முழிச்சிருக்காங்களா மாமா?"

அவன் கையை நீட்டி ஒரு பையை வாங்கிக்கொண்டான். இன்னொன்றையும் வாங்கிக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் தெரிந்த அறைவாசலைப் பார்த்தாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.  படியிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். நாடா சிக்குப்போட்டுக்கொண்டது. இழுத்தாள், இன்னும் இறுகியது. மறுபடி இழுத்தாள்.

அவன் பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தான். ஷூவைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, நகத்தால் அந்த முடிச்சை நெம்பத் தொடங்கினான்.

"ஆட்டாம வை," என்றான்.